கரண்ட் வச்ச இடம்

தமிழ்நாட்டில் எந்தப் புற்றுநோய் மருத்துவமனையின் வராந்தாவில் உட்கார்ந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் ‘கரண்ட்’ என்ற சொல் காதில் விழுந்துவிடும். “உங்களுக்கு எத்தனை கரண்ட் சொல்லிருக்காங்க?” “எங்களுக்கு இன்னும் எட்டு கரண்ட் பாக்கி.” கதிர்வீச்சு சிகிச்சைக்கு மக்கள் வைத்த பெயர் அது. மின்சாரம் நோயாளியைத் தொடுவதே இல்லை என்றாலும் சொல்லில் ஒரு நியாயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. படும்போது வலிக்காது. சுவிட்ச் போட்டால் வரும், அணைத்தால் போய்விடும்.

கதிர் போய்விடுவது உண்மைதான். வெளியிலிருந்து கதிர் வாங்கியவர் உடம்பில் அது ஒரு நொடிகூடத் தங்காது. ஆனால் அது செய்த வேலை தங்கும். கதிர், செல்லின் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. புற்றுச்செல்லுக்கு அறுந்ததைத் தைத்துக்கொள்ளும் திறமை குறைவு, அதனால் சாகிறது. பக்கத்தில் இருக்கும் நல்ல செல்கள் பெரும்பாலும் சரியாகத் தைத்துக்கொண்டு பிழைக்கின்றன. எங்கோ ஒன்றிரண்டு தப்பாகத் தைத்துக்கொள்கின்றன. அந்தத் தப்பு பல வருடம் சும்மா கிடந்து, பிறகு ஒரு நாள் வேறொரு புற்றாக முளைக்கலாம். எலும்பில் முளைத்தால் அது பெரும்பாலும் ஆஸ்டியோசார்கோமா. பழைய புற்று திரும்பி வந்ததோ பரவியதோ அல்ல, சிகிச்சை விட்டுப்போன தடத்தில் பிறந்த புது நோய். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும்.

நான் மருத்துவனில்லை. மருத்துவமனைகள் ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கவும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பவும் பயன்படும் மென்பொருள் எழுதுகிறவன். ஒன்பது வருட வேலையில் லட்சக்கணக்கான படங்கள் எங்கள் சர்வர் வழியாகப் போயிருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை அவை மெகாபைட்டுகள். 2023இல் எங்கள் வீட்டு ஆள் ஒருவருடைய படத்தைப் பார்க்க வேண்டி வந்தது.

*

பெரியம்மாவுக்கு 2009இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அப்போது அவருக்கு 46 வயது. விருதுநகர் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைக்கு வந்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கி, கோபால்ட் மெஷினில் 25 கரண்ட் வைத்துக்கொண்டார். அதன் பிறகு உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிரும் கொடுத்தார்கள். குணமானது. ஐந்து வருடம் ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போனார். 2014இல் டாக்டர், “அம்மா, இனி நீங்க வர வேண்டியதில்ல. ஏதாவது இருந்தா மட்டும் வாங்க” என்றார். அன்றைக்குப் பெரியம்மா வீட்டில் பாயாசம். அதற்குப் பிறகுதான் இரண்டு மகன்களுக்கும் கல்யாணம் செய்து வைத்தார், மூன்று பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். அத்தனையும் கரண்ட் கொடுத்த வருடங்கள்.

2023 தொடக்கத்தில் இடது இடுப்புக்குப் பின்னால் வலி. உட்கார்ந்து எழுந்தால் பிடிக்கிறது என்றார். ஊரில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேய்மானம் என்று மாத்திரை கொடுத்தார். அந்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததில் ஆச்சரியமில்லை. எலும்பின் சுண்ணாம்பில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்தால்தான் சாதாரண எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். அதுவும் இடுப்புக்குப் பின்பக்கம் என்றால் குடலில் இருக்கும் காற்று மேலே விழுந்து மறைக்கும். மூன்று மாதம் கழித்து, இரவில் வலி எழுப்பத் தொடங்கியதும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேன் சென்டருக்குப் போன சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: “பெண், 60, இடது இடுப்பு வலி.”

சீட்டில் என்ன இருந்ததோ அதற்குத்தான் ரிப்போர்ட் வந்தது. எலும்பு மஜ்ஜையில் பரவலான மாற்றம், இடதுபுறம் ஒரு புண், பரவிய புற்றாகவோ கிருமித்தொற்றாகவோ இருக்கலாம். அண்ணன் போனில் அழுதான். “பழசு திரும்பிருச்சுடா தம்பி.” வீட்டில் எல்லோரும் அப்படியேதான் எடுத்துக்கொண்டார்கள். பெரியம்மா மட்டும், “அது வேற வலி, இது வேற வலி. எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

*

பெரியம்மா சொன்னதைக் கிட்டத்தட்ட அதே வரிசையில் மருத்துவம் 1948இல் எழுதி வைத்திருக்கிறது. நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் கஹானும் அவரோடு வேலை செய்தவர்களும், கதிர் வாங்கிய எலும்பில் சார்கோமா வந்த 11 பேரைப் பற்றி அந்த ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் நான்கு நிபந்தனைகள் வைத்தார்கள். அந்த எலும்பில் முதலில் இந்தப் புற்று இருந்ததில்லை என்பதற்கு எக்ஸ்ரேயோ நுண்ணோக்கிச் சான்றோ வேண்டும். புதிய கட்டி, கதிர் பாய்ந்த எல்லைக்குள் வந்திருக்க வேண்டும். நடுவில் தொந்தரவு இல்லாத நீண்ட காலம், குறைந்தது ஐந்து வருடம், போயிருக்க வேண்டும். கட்டி சார்கோமாதான் என்று திசுவைப் பார்த்து நிரூபித்திருக்க வேண்டும். ஐந்து வருடம் என்ற கணக்கைப் பின்னாட்களில் தளர்த்திக்கொண்டார்கள். மற்றவை இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன.

இந்த நான்கையும் முதன்முதலில் படித்தபோது ஒரு மென்பொருள்காரனாக என் கண்ணில் பட்டது வேறு. நான்கில் ஒன்றே ஒன்றுதான் இன்றைய திசுவைப் பற்றியது. மற்ற மூன்றும் பழைய ஆவணத்தைப் பற்றியவை. எங்கே கதிர் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள், அப்போது எலும்பு எப்படி இருந்தது? எங்கள் பாஷையில் சொன்னால் இது இரண்டு அட்டவணைகளை இணைக்கிற வேலை. ஒரு அட்டவணை இல்லையென்றால் விடையே கிடையாது.

கதிரும் எலும்பும் சேர்ந்தால் என்னவாகும் என்பது கஹானுக்கு முன்பே வெளியே வந்திருந்தது, சிகிச்சையின் வழியாக இல்லாமல் ஒரு தொழிற்சாலையின் வழியாக. 1920களில் நியூ ஜெர்சியின் ஆரஞ்சு நகரில் இளம்பெண்கள் கடிகார முகப்புகளில் ரேடியம் கலந்த ஒளிரும் சாயத்தைத் தூரிகையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தூரிகையின் நுனியைக் கூராக்க உதட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். உடம்புக்கு ரேடியத்துக்கும் கால்சியத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் இறந்த ஒரு தொழிலாளியின் எலும்பில் ஃபிலிம்மை வைத்துக் கட்டினார். எக்ஸ்ரே மெஷின் எதுவும் இல்லாமல், எலும்பே ஃபிலிம்மில் தன் தடத்தைப் பதித்தது. அந்தப் பெண்களுக்கு ஆஸ்டியோசார்கோமா வந்ததை அவர் 1929இல் எழுதினார்.

பெரியம்மா வாங்கிய கதிர் அப்படித் தங்குகிற வகை இல்லை. கோபால்ட் கதிருக்கு ஆற்றல் அதிகம். பழைய காலத்துக் குறைந்த ஆற்றல் எக்ஸ்ரே சிகிச்சையில் சுண்ணாம்பு நிறைந்த எலும்பு, பக்கத்துச் சதையைவிடப் பல மடங்கு கதிரை உறிஞ்சியது. கோபால்ட் வந்தபின் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. எலும்பு வாங்குகிற அடி குறைந்தது. முழுக்க நின்றுவிடவில்லை.

*

மதுரையில் எங்களுக்குக் கிடைத்த ரேடியாலஜிஸ்ட் அறுபது வயதை நெருங்கியவர். ரிப்போர்ட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, படங்களை மட்டும் திரையில் போட்டார். இரண்டு நிமிடம் பேசவில்லை. பிறகு பெரியம்மாவைப் பார்த்து, “அம்மா, உங்களுக்கு எப்பவாவது கரண்ட் வச்சிருக்காங்களா?” என்றார். நாங்கள் யாரும் அதுவரை வாயே திறந்திருக்கவில்லை.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். என் வேலையைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பை வெள்ளையாகக் காட்டும் டி1 என்ற படவரிசை ஒன்று இருக்கிறது. பெரியவர்களின் முதுகெலும்பில் ரத்தம் ஊறும் மஜ்ஜையும் கொழுப்பும் கலந்திருக்கும், அதனால் அது சாம்பல் நிறமாகத் தெரியும். கதிர் பட்ட மஜ்ஜையில் ரத்தம் ஊறும் செல்கள் அழிந்து, அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்புகிறது. சில வாரங்களில் தொடங்கும் மாற்றம் அது. கனமான அளவு வாங்கிய இடம் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. பெரியம்மாவின் படத்தில் மேலேயிருந்து நான்காவது இடுப்பு முள்ளெலும்பு வரை சாம்பல். ஐந்தாவதிலிருந்து கீழே திடீரென்று வெள்ளை. நடுவில் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல ஒரு கோடு.

“நோய் நேர்கோட்டுல நிக்காது தம்பி. மனுஷன் போட்ட கோடுதான் இப்படி இருக்கும்” என்றார் டாக்டர். 2009இல் யாரோ ஒரு தொழில்நுட்பர், மெஷினின் ஜன்னலை இத்தனை சென்டிமீட்டர் என்று திருகி வைத்திருக்கிறார். அந்த ஜன்னலின் விளிம்பு 14 வருடம் கழித்தும் பெரியம்மாவின் எலும்புக்குள் இருந்தது. முதல் ரிப்போர்ட் ‘பரவலான மாற்றம்’ என்று பயமுறுத்தியதில் பெரும்பகுதி இந்த வெள்ளைதான். அது நோயே இல்லை.

பிறகு அவர் மீதியைக் காட்டினார். இடுப்புக்கு நடுவிலுள்ள திரிக எலும்பின் இரு பக்கமும் மெல்லிய கறுப்புக் கீறல்கள். கதிர் வாங்கி வலுவிழந்த எலும்பு, உடம்பின் கனத்தைத் தாங்காமல் தானாக விடுகிற விரிசல். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர் வாங்கிய பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். எலும்பு ஸ்கேனில் இந்த விரிசல் இரு பக்கமும் நின்று குறுக்கே ஒன்றும் சேர்ந்தால் ஹோண்டா வண்டியின் முத்திரை மாதிரி தெரியும், அதனால் ஹோண்டா அடையாளம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். விரிசலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டு படத்தில் புற்று மாதிரியே மிரட்டும். ஆனால் சுற்றிலும் சதைக்கட்டி இருக்காது, இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், சில மாதம் கழித்து எடுத்தால் அடங்கியிருக்கும். கதிர் வாங்கியவருக்கு இடுப்பு வலி என்றால் பெரும்பாலும் காரணம் இந்த விரிசல்தான், இல்லையென்றால் சாதாரணத் தேய்மானம்.

கடைசியாக, இடது இடுப்பெலும்பு திரிகத்தோடு சேருகிற மூட்டுக்கு அருகில் விரலை வைத்தார். கொழுப்பின் வெள்ளைக்கு நடுவே ஒரு நெல்லிக்காய் அளவு கறுப்பு. வலதுபுறம் அதற்கு ஜோடி இல்லை. எலும்பின் விளிம்பு ஓரிடத்தில் கரைந்து, கறுப்பு வெளியே சதைக்குள் எட்டிப் பார்த்தது. “இது மட்டும் எனக்குப் பிடிக்கல” என்றார். “கோட்டுக்கு உள்ள இருக்கு. பழைய படம் ஏதாவது இருந்தா கொண்டாங்க. முன்ன இது இருந்துச்சா, இல்ல புதுசான்னு தெரிஞ்சாப் போதும். பழைய கரண்ட் கார்டும் வேணும்.”

*

சிகிச்சை கொடுத்த மருத்துவமனைக்கு அண்ணனும் நானும் போனோம். ஆவண அறையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். 2009 கார்டுகள் இல்லை, அழித்தாகிவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை, உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. அவர்கள் அதைவிடக் கூடுதலாகவே வைத்திருந்தார்கள்.

வெளியே டீக்கடையில் நின்றபோது மூன்று எண்கள் என் தலைக்குள் ஓடின. காகிதத்துக்கு 3 வருடம். நோயாளியைக் கூப்பிட்டுப் பார்ப்பது 5 வருடம். இந்தப் புற்று வருவதோ பெரும்பாலும் பத்து வருடம் தாண்டி, சிலருக்கு இருபது முப்பது வருடம் கழித்து. மருத்துவமனை கணக்கை முடித்துக்கொள்கிற அதே ஐந்தாவது வருடத்தில் கஹானின் கணக்கு தொடங்குகிறது. பாயாசம் வைத்த அன்று பெரியம்மா ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறியிருக்கிறார். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரைப் பார்த்த எலும்பு டாக்டருக்கும் சொல்ல ஆள் இல்லை.

காகிதம் இருந்தது வீட்டில்தான். பெரியம்மாவின் பீரோவில் ஒரு ஜவுளிக்கடை மஞ்சப்பை. அதற்குள் ரேஷன் கார்டு நகல், பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழ், அவற்றுக்கு அடியில் 2009 டிஸ்சார்ஜ் சீட்டு. மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. இடுப்புப் பகுதி, 50 கிரே, 25 தவணை, தொடங்கிய தேதி, முடிந்த தேதி. கிரே என்பது ஒரு கிலோ திசு எவ்வளவு கதிராற்றலை வாங்கியது என்பதன் அளவு. 2012 பரிசோதனையில் எடுத்த சி.டி. ஸ்கேனின் ஃபிலிம்மும் சுருட்டி ரப்பர்பேண்ட் போட்டு இருந்தது. பெரியம்மா சிரித்துக்கொண்டே அடிவயிற்றிலும் இடுப்பின் இரு பக்கமும் பச்சை குத்தியிருந்த மூன்று புள்ளிகளையும் காட்டினார். மெஷினை நேராக வைக்க அப்போது குத்தினார்களாம். “இத்தன வருஷமா மச்சம்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்.”

2012 ஃபிலிம்மில் அந்த இடத்து எலும்பு விளிம்பு முழுசாக இருந்தது. ரேடியாலஜிஸ்டுக்கு அது போதும். அடுத்த நாளே புதிதாக ஒரு சி.டி. சதையையும் மஜ்ஜையையும் எம்.ஆர்.ஐ. நன்றாகக் காட்டும், எலும்பின் ஓடு எங்கே உடைந்தது, கட்டிக்குள் புது எலும்புத் துகள் உருவாகிறதா என்பதற்கு சி.டி.தான் மேல். துகள் இருந்தது. பெட் ஸ்கேனில் அந்த இடம் ஒளிர்ந்தது. ஆனால் அது மட்டும் சாட்சியாகாது, ஆறிக்கொண்டிருக்கும் விரிசலும் ஒளிரும்.

முடிவைச் சொல்லப்போவது திசுதான். அங்கேயும் அவசரப்படக் கூடாது என்பதை அப்போது தெரிந்துகொண்டேன். ஊசி போகும் பாதையை அறுவை சிகிச்சை செய்யப்போகும் மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்கிறார்கள். ஊசி போன தடத்தில் புற்றுச்செல் சிந்தியிருக்கலாம் என்பதால், பின்னால் அந்தத் தடத்தையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். தவறான இடத்தில் குத்தினால், விரிசல் ஆறும்போது உருவாகும் புது எலும்பையே புற்று என்று குழப்பிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. எங்கே குத்தக் கூடாது என்பதையும் படம்தான் சொல்கிறது.

ஒன்பது நாள் கழித்து முடிவு வந்தது. ஆஸ்டியோசார்கோமா. நெஞ்சு சி.டி.யில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. சார்கோமா முதலில் ஓடுவது அங்கேதான். அண்ணன் என்னிடம், “நல்ல சேதியாடா, கெட்ட சேதியா?” என்று கேட்டான். இரண்டும்தான். பழைய புற்று பரவியிருந்தால் வலியைத் தணிப்பதோடு நிறுத்தியிருப்பார்கள். இது புதியது, ஓரிடத்தில் நிற்கிறது, சிறியது, வெட்டி எடுக்கலாம். ‘பரவியிருக்கலாம்’ என்ற முதல் வரியை நம்பி நாங்கள் வீட்டுக்குப் போயிருந்தால் அந்த நெல்லிக்காய் எலுமிச்சையாகியிருக்கும், பிறகு வெட்டவும் முடியாமல் போயிருக்கும்.

*

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது கூட வேலை செய்யும் பையன் கேட்டான், “அண்ணா, இதை ஏஐ கண்டுபிடிச்சிராதா?” எங்கள் துறையில் இது தினமும் வருகிற கேள்வி. அரிதான நோய்க்குப் பழக்கிக் கொடுக்கப் படங்களே குறைவு என்பது ஒரு சிக்கல். அதைவிடப் பெரியது, விடையின் பாதி படத்தில் இல்லை. ஒரே கறுப்புப் புள்ளி, கதிர் வாங்காத எலும்பில் ஒரு அர்த்தம், 14 வருடத்துக்கு முன் வாங்கிய எலும்பில் இன்னொரு அர்த்தம். மஜ்ஜையின் அந்த நேர்கோட்டை ஒரு நிரல் கண்டுபிடித்துவிடலாம். தேதியையும் அளவையும் அது எங்கிருந்து எடுக்கும்?

மருத்துவப் படங்களுக்கு டைகாம் என்றொரு பொதுவடிவம் இருக்கிறது. ஒவ்வொரு படத்தின் தலைப்பகுதியிலும் பெயர், வயது, மெஷின் வகை எல்லாம் இருக்கும். அதில் ‘நோயாளியின் கூடுதல் வரலாறு’ என்றொரு இடமும் உண்டு. நான் பார்த்த கோப்புகளில் பெரும்பாலும் அது காலி. கதிர் எல்லையையும் அளவையும் முப்பரிமாணத்தில் சேமிக்கும் வசதிகூட டைகாமில் இருக்கிறது. புது மெஷின்கள் அவற்றை உருவாக்கவும் செய்கின்றன. ஆனால் அவை கதிரியக்கத் துறையின் கணினியில் கிடக்கும். ஸ்கேன் சென்டர் இருப்பது வேறு தெருவில்.

அப்படியானால் கதிர் வாங்கிய எல்லோரையும் வருடா வருடம் ஸ்கேன் எடுத்துவிடலாமே என்று தோன்றும். நூறில் ஒருவருக்கும் குறைவாக வருகிற நோய்க்கு அது சரிப்படாது. விரிசலையும் வெள்ளை மஜ்ஜையையும் பார்த்துப் பயந்து ஊசி குத்துகிறவர்கள்தான் அதிகமாவார்கள். சி.டி. என்றால் மேலும் கொஞ்சம் கதிர். டிபி53 மரபணுக் கோளாறோடு பிறந்தவர்கள் மாதிரி ஆபத்து மிகக் கூடுதலான சிலருக்கு மட்டும், கதிர் இல்லாத முழு உடல் எம்.ஆர்.ஐ.யை ஆண்டுதோறும் எடுக்கிறார்கள். மற்றவர்களுக்கு வேண்டியது ஸ்கேனைவிட எளிமையான ஒன்று. கதிர் பட்ட இடத்தில், பல வருடம் கழித்துப் புதிதாக ஒரு வலியோ வீக்கமோ வந்து அடங்காமல் இருந்தால், பார்க்கிற முதல் டாக்டரிடமே “இங்க கரண்ட் வச்சிருக்கு” என்று சொல்வது. அந்த ஒரு வரி ஸ்கேன் சீட்டில் ஏறிவிட்டால் ரிப்போர்ட் மாறும்.

*

அறுவை சிகிச்சை ஒன்பது மணி நேரம் நடந்தது. கதிர் வாங்கிய தோல் என்பதால் புண் ஆற நான்கு மாதம் பிடித்தது. ரத்தம் ஊறும் மஜ்ஜையின் ஒரு பகுதி 2009லேயே போய்விட்டதால் கீமோ மருந்தின் அளவைக் குறைத்துத்தான் கொடுக்க முடிந்தது. பெரியம்மா இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சு சி.டி. போனமுறை எடுத்ததில் வலது நுரையீரலில் மிளகைவிடச் சிறிதாக ஒரு புள்ளி இருக்கிறது. அதற்கு முந்தைய படத்திலும் அதே அளவில் இருந்தது என்று ரேடியாலஜிஸ்ட் சொல்கிறார். அளவு மாறாதவரை அது ஒன்றுமில்லை. அடுத்த படம் வரும் மாதம்.

எங்கள் மென்பொருளில் படம் ஏற்றும்போது ‘முன்பு கதிர்வீச்சு சிகிச்சை எடுத்ததுண்டா, எங்கே, எந்த வருடம்’ என்று கேட்கிற ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஸ்கேன் சென்டர்காரர்கள் கூடுதல் கட்டங்களை விரும்புவதில்லை என்று பதில் வந்தது. திரும்ப எழுதியிருக்கிறேன்.

பெரியம்மாவுக்கு ஒரு தாள் அடித்துக் கொடுத்தேன். என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி, உடம்பில் எந்த இடம், எத்தனை கிரே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. ஐந்தே வரி, தமிழில். லேமினேட் செய்து மஞ்சப்பைக்குள் வைத்திருக்கிறார். அதன் நகல் அண்ணன்கள் இரண்டு பேரின் போனிலும் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் மார்பகப் புற்றுக்குக் கரண்ட் வைத்துக்கொண்ட ஒரு அக்கா, தனக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று பெரியம்மா மூலமாகக் கேட்டனுப்பினார். அவருக்கு வைத்தது 2016இல். சீட்டு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.